குரூப் போட்டோவின் ஓரத்தில் நிற்பவர் யார்?

கோயமுத்தூருக்குப் போனவர்களில் ஆர்.எஸ்.புரம் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த 'ஆர்.எஸ்.' யார் என்று டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ரத்தினசபாபதி முதலியார்தான் அந்த ஆர்.எஸ். நகரசபைத் தலைவராக இருந்தவர். சிறுவாணித் தண்ணீர் மலையிலிருந்து ஊருக்குள் வருவதற்கு முன்னின்று பாடுபட்டவர். அங்கேயே டி.பி. ரோடு என்று ஒன்று இருக்கிறது. அந்த 'டி.பி.' திவான் பகதூர் என்ற பட்டம். தினமும் காலையில் நாம் பிடிக்கிற தண்ணீருக்குப் பாடுபட்டவருக்கே ஊர் வாயில் இரண்டு எழுத்துதான் மிச்சம் என்றால், அவரைப் போன்றவர்களோடு வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்ட மற்றவர்கள் கதி என்ன?

இந்தக் கேள்வியெல்லாம் எனக்குச் சும்மா தோன்றவில்லை. போன தை மாதம் கோவையில் ஐந்து நாள் தங்கியபோது, ஒரு பழைய நகரசபை குரூப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

மணிக்கூண்டுக்குப் பக்கத்து வீடு

என்னவரின் பெரியம்மா வீடு ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. எனக்குப் பெரியத்தை. வயது எண்பத்தாறு. காது கொஞ்சம் மந்தம், ஆனால் கண்ணும் ஞாபகமும் நம்மைத் தோற்கடித்துவிடும். ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப் போகிறார்கள். "சாமான்களை ஒதுக்கோணும். ஒத்தாசைக்கு வாங்க" என்று போன் வந்ததும் கிளம்பிவிட்டோம்.

காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, டவுன்ஹால் ஸ்டாப்பிங்கில் இறங்கினோம். அந்த இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் ஒரு நகரசபையின் சரித்திரமே கண்ணுக்குத் தெரியும். கோவை நகரசபை 1866-ல் ஏற்பட்டது. விக்டோரியா மகாராணியின் பெயரால் 1892-ல் கட்டிய மண்டபம்தான் டவுன்ஹால். 1981-ல் ஊர் மாநகராட்சியான பிறகும் மாமன்றக் கூட்டங்கள் அங்கேதான் நடந்து வருகின்றன. ஒரு பக்கம் ஜவுளிக் கடைகள் நெருக்கியடிக்கும் ஒப்பணக்கார வீதி, ஒரு பக்கம் ஊர்க் காவல் தெய்வமான கோனியம்மன் கோயில், நடுவில் மணிக்கூண்டு. பூக்காரம்மாவும் இளநீர்க்காரரும் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிடுகிறார்கள்.

இதே ஊரில் நூறு வருஷத்துக்கு முன்னால் பிளேக் வந்து, ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்களாம். பெரியத்தை, தன் மாமியார் சொல்லக் கேட்டதாகச் சொன்னார். 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரில் கோயில்களே இந்த ஊரில் உண்டு. அந்த நாளில் எலி பிடிக்க ஆள் வைப்பது, சாக்கடை வெட்டுவது, கிணற்று உப்புத் தண்ணீருக்கு மாற்று தேடுவது எல்லாம் நகரசபையின் தலையில்தான் விழுந்தது. நகரசபை அங்கத்தினர் என்றால் வெறும் மாலை மரியாதை மட்டும் இல்லை பாருங்கள்.

இந்த நகரசபையில் உட்கார்ந்தவர்களில் உலகம் அறிந்தவரும் உண்டு. ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1917-ல் இங்கே அங்கத்தினராகி, உப தலைவராகவும் இருந்தவர். பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாகி, 1947 நவம்பரில் முதல் பட்ஜெட்டைப் படித்தார். அவரை எந்த போட்டோவிலும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்க முடியாமல் போவது அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தவரைத்தான்.

தகரப் பெட்டி திறந்தது

பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். உள்ளே பத்திரக் கட்டு, கல்யாணப் பத்திரிகைகள், நாப்தலின் வாசனை, அடியில் போட்டோக்கள். என்னவரின் தாத்தா, அதாவது பெரியத்தையின் மாமனார், 1950-களில் ஒரு தடவை நகரசபை அங்கத்தினராக இருந்தவர். அதனால் வீட்டில் இருந்ததெல்லாம் குரூப் போட்டோவாகவே இருந்தது.

முதலில் எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது. தலைப்பாகை, மீசை, நாற்காலி. ஆனால் அடுக்களை வேலை முடிந்து மத்தியானம் மத்தியானம் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, ஒரு பிடி கிடைத்தது. பெயர் தெரியாவிட்டாலும் காலத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சுவரைப் பாருங்கள். பின்னால் மாட்டியிருக்கும் படத்தில் ராஜா இருந்தால் அது 1947-க்கு முந்தியது. தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910-லிருந்து 1936-க்குள். தாடி மீசை இல்லாத ஆறாம் ஜார்ஜ் என்றால் அதற்குப் பிறகு. காந்தியும் நேருவும் மாலை போட்டுக்கொண்டு சுவரில் இருந்தால் பெரும்பாலும் சுதந்திரத்துக்குப் பிந்தியது. கீழே அச்சடித்த பெயர்களில் ராவ்பகதூர், திவான் பகதூர் நிறைய இருந்தால் வெள்ளைக்காரன் காலம்.

போர்டைப் பாருங்கள். 'மதராஸ்' என்று ராஜ்யத்தின் பெயர் இருந்தால் பழசு. 'தமிழ்நாடு' என்று அரசாங்கமே போட ஆரம்பித்தது 1969 ஜனவரியிலிருந்து. எழுத்தும் காட்டிக் கொடுக்கும். 'லை', 'னை' எல்லாம் அந்தக் காலத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்திருக்கும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகுதான் இப்போது நாம் எழுதுகிற மாதிரி ஆயிற்று. போர்டு எழுதுகிற பெயிண்டர்கள் இன்னும் சில வருஷம் பழைய பழக்கத்திலேயே எழுதியிருப்பார்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சேலைகளை எண்ணுங்கள்! பழைய குரூப் போட்டோக்களில் சேலை ஒன்று இருந்தால் அதிகம். நம் மாநிலத்தில் 1986-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்குப் பின் 1996-ல்தான் மறுபடியும் நடந்தது. அந்த 1996 தேர்தலில்தான் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்தது. 2022 நகர்ப்புறத் தேர்தலில் அது பாதி ஆயிற்று. அதனால் வரிசை வரிசையாகப் பட்டுச்சேலை தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு 1996-க்கு இந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டே வந்தபோதுதான் அந்தப் படம் கைக்கு வந்தது.

மூன்றும் ஏழும்

பிரசவ வார்டு ஒன்றின் திறப்பு விழாவில் எடுத்த படம். முன் வரிசையில் நாற்காலியில் ஒன்பது பேர், பின்னால் நிற்பவர்கள் ஏழு பேர். அந்தப் பதினாறு பேருக்கும் கீழே டைப் அடித்து ஒட்டிய பெயர்ப் பட்டியல் இருந்தது. 'அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்' என்று ஆரம்பம். இது தவிர ஒரு ஓரத்தில் டவாலி போட்ட சேவகர் ஒருவர். மறு ஓரத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண்மணி. இந்த இரண்டு பேருக்கும் பட்டியலில் பெயரே இல்லை.

இது அசல் இல்லை, பிரதி. அசலை எப்போதோ கரையான் தின்றுவிட்டதாம். போட்டோ எடுத்த ஸ்டூடியோக்காரர் கடையை மூடும்போது கண்ணாடி நெகடிவைக் கொடுத்துவிட்டுப் போக, அதை வேறு ஒரு கடையில் கொடுத்துப் பிரதி போட்டிருக்கிறார்கள். அசலின் அடியில் அச்சடித்திருந்த பெயர்களை முன்பே யாரோ எழுதி வைத்திருந்ததால், அதை அப்படியே டைப் அடித்து ஒட்டிவிட்டார்கள்.

பட்டியலில் ஒரு திருத்தம். மூன்றாவது பெயரையும் ஏழாவது பெயரையும் பேனாவால் அடித்து, மாற்றி எழுதியிருந்தது. "என்னங்க இது?" என்று என்னவரைக் கேட்டேன். "தாத்தா பேரு மூணாவதா இருந்துச்சு. ஆனா தாத்தா உட்கார்ந்திருக்கிறது ஏழாவது நாற்காலி. டைப் அடிச்சவன் தப்பு பண்ணிட்டான்னு அப்பா திருத்தினார்" என்றார்.

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று கண்ணை உறுத்தியது. கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் உறுத்துமே, அப்படி. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. சாயந்திரம் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடியும் எடுத்தேன். அப்போது பிடிபட்டது. ஓரத்தில் நிற்கும் அந்த அம்மாளின் முந்தானை வலது தோளில் இருந்தது!

"அத்தை, இவங்க முந்தானையை ஏனுங்க வலது பக்கம் போட்டிருக்காங்க?" என்று கேட்டேன்.

பெரியத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வலப் பக்கம் போடறவங்களும் இருக்கறாங்க அம்மிணி. ஐயர் வீட்டு மடிசார்ல அப்படித்தான் வரும்" என்றார். வாஸ்தவம்தான். ஆனால் இது மடிசார் இல்லை, நாம் கட்டுகிற சாதாரணக் கட்டு. சரி என்று ஆண்களைப் பார்க்க ஆரம்பித்தேன். நின்றுகொண்டிருந்தவர்களில் மூன்று பேருக்குச் சட்டைப் பை வலது பக்கம் இருந்தது. கைக்கடிகாரம் கட்டியிருந்த நான்கு பேரும் வலது கையில் கட்டியிருந்தார்கள். ஒருவர் அப்படிக் கட்டலாம். நான்கு பேருமா? அங்கவஸ்திரம்கூட அத்தனையும் வலது தோளில்!

படத்தைத் தூக்கிக்கொண்டு போய் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் காட்டினேன். கண்ணாடிக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. சட்டைப் பை இடது பக்கம். கடிகாரம் இடது கை. முந்தானை இடது தோள். தாத்தா மூன்றாவது நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். பிரதி போட்ட கடையில் நெகடிவைத் திருப்பி வைத்துவிட்டார்கள். மொத்தப் படமும் இடவலம் மாறிவிட்டது. டைப் அடித்தவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தால் நடுவில் இருப்பவர் எப்படித் திருப்பினாலும் நடுவில்தான் இருப்பார். தலைவர் சரியாக இருந்ததால் மற்றதெல்லாமும் சரி என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். தாத்தா பெயரை மட்டும் மாற்றியதில் மூன்றும் ஏழும் சரியாகிவிட்டன. ஒன்றும் ஒன்பதும், இரண்டும் எட்டும், நாலும் ஆறும் மாறியது மாறியபடியே இத்தனை வருஷம் சுவரில் தொங்கியிருக்கின்றன.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் என்னவர் முகம் மாறிவிட்டது. "ரெண்டாவது ஆள்..." என்று இழுத்தார்.

மாலை போட்ட படம்

பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம். அவர்கள் வீட்டுப் பெரியவரும் அந்தக் காலத்து அங்கத்தினர். பட்டியலில் இரண்டாவது பெயர் அவருடையது. அவருக்கு வேறு போட்டோவே கிடையாதாம். பதினைந்து வருஷத்துக்கு முன் அவர் பேரன் வந்து, இந்தப் பிரதியை வாங்கிக்கொண்டு போய், இரண்டாவது நாற்காலியில் இருந்தவரை மட்டும் பெரிது பண்ணி, கண்ணாடி பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். வருஷா வருஷம் திதியன்று மாலை, சந்தனம், இலை போட்டுப் படையல். எல்லாம் வேறு யாருக்கோ நடந்திருக்கிறது!

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சொல்வதா, வேண்டாமா? தெரியாமல் நடந்தது, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனசு. நம் வீட்டுத் தாத்தா படத்தை மட்டும் நாம் திருத்திக்கொண்டோமே, அவர்கள் வீட்டுப் பெரியவர் என்ன பாவம் செய்தார் என்று ஒரு மனசு. "நாளைக்கு அந்த வீட்டுக் கொள்ளுப் பேரன்கள் வேற யாரையோ தாத்தான்னு கும்பிட்டுட்டு இருக்கறதா? போய்ச் சொல்லோணும்" என்று பெரியத்தைதான் முடிவாகச் சொன்னார். அவரும் கூடவே வருகிறேன் என்று கைத்தடியை எடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் பேரன் எங்களை ஒறம்பரை மாதிரி உட்கார வைத்து, மோர் கொடுத்தார். என்னவர் மென்று முழுங்கிச் சொல்லி முடித்ததும், அவர் ஒன்றும் பேசவில்லை. சுவரில் இருந்த படத்தையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "எங்கப்பா சாகறப்ப இந்தப் படத்தைப் பார்த்துத்தானுங்க கும்பிட்டாரு" என்றார். எனக்கு ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது.

அப்போது உள்ளேயிருந்து அவருடைய அம்மா வந்தார். அந்தப் பெரியவரின் மருமகள். எண்பதைத் தாண்டியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "எனக்கு அப்பவே தெரியுமுங்க, இது எங்க மாமா இல்லைன்னு" என்றார்.

"என்னம்மா சொல்றே? தெரிஞ்சா ஏன் சொல்லலை?" என்று மகன் பதறினார்.

"மாமா நான் கலியாணமாகி வந்த ரெண்டாம் வருசமே போயிட்டாரு. அவரு முன்னாடி நின்னு மூஞ்சியைப் பார்த்தா பேசியிருக்கேன்? சோறு போடறப்ப அவரு கையைத்தான் பார்ப்பேன். இடக்கையில சுண்டு விரல் வளைஞ்சிருக்கும். படத்துல அப்படி இல்லை. மாட்டற அன்னிக்கே உங்கப்பாகிட்டச் சொன்னேன். 'பேரு எழுதியிருக்குது, உனக்கு என்ன தெரியும்'னு போட்டாரு. அப்புறம் யாரு என்னைக் கேட்டாங்க?"

எங்கள் பிரதியில் எட்டாவது நாற்காலியைக் காட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் அதுதான் இரண்டாவது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். முழங்காலில் வைத்த கையில் சுண்டு விரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அம்மாள் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அறுபது வருஷத்துக்குப் பிறகு மாமனார் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிறார்!

"அப்போ இதை என்ன பண்றது?" என்று பேரன் சுவரைக் காட்டினார். "பதினஞ்சு வருசமா நம்ம வீட்டு வடை பாயசம் சாப்பிட்டவரு. அவரு வீட்டு ஆளுங்களைத் தேடிப் பாரு. கிடைச்சா மரியாதையாக் கொடு. கிடைக்கிற வரைக்கும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அம்மாள். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஓரத்தில் நின்ற அம்மாள்

கிளம்புகிற நேரம். அம்மாள் பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை. திடீரென்று, "இது நம்ம நர்ஸம்மா அல்லோ!" என்றார். பெரியத்தையும் குனிந்து பார்த்து, "அட ஆமா! தினமும் கூடத்துல பார்த்துட்டுதான் இருந்தேன். ஆம்பளைங்க போட்டோன்னு கிட்டப் போயே பார்க்கலை" என்றார். பிறகு அரை மணி நேரம் இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டார்கள்.

நகரசபைப் பிரசவ வார்டில் வேலை பார்த்தவராம். வீட்டுப் பிரசவத்துக்கும் கூப்பிட்டால் வருவாராம். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காமல், பையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவாராம். வந்ததும் முதல் வேலை, அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கத்தரிக்கோலைப் போடுவது. தொப்புள் கொடி அறுத்த இடத்தில் சாணியும் சாம்பலும் வைக்க வந்த பாட்டிகளை அதட்டி வெளியே அனுப்புவாராம். அந்தக் காலத்தில் ஒரு வாரத்துக் குழந்தைகள் ஜன்னி கண்டு சாவதற்கு அதுதான் பெரிய காரணம் என்று இன்று நமக்குத் தெரியும். சாணியிலும் மண்ணிலும் இருக்கிற கிருமி, ஆறாத தொப்புள் வழியாகப் புகுந்துவிடும். அதே மாதிரி, சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடக் கூடாது, அதுதான் குழந்தைக்கு முதல் மருந்து என்று அப்போதே சண்டை போட்டுக் கொடுக்க வைத்தாராம். இன்று டாக்டர்கள் சொல்வதும் அதுதானே!

"உங்க வீட்டுக்காரரு பொறந்தது அவிய கையிலதான்" என்று பெரியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காலையிலிருந்து அந்த அம்மாளின் முந்தானையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். களைத்த முகம். ஒருவேளை முந்தின ராத்திரியும் எங்காவது விழித்திருப்பாரோ என்னவோ.

"பேரு என்னங்க?" என்று கேட்டேன். பெரியத்தை யோசித்து யோசித்துப் பார்த்தார். "நர்ஸம்மான்னுதான் கூப்பிடுவோம். பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே." எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவ்வளவுதானா?

அம்மாள் மெல்லச் சிரித்தார். "எம் பொண்ணு பேரு என்ன? ஒம்பது மாசத்துல குறுக்க விழுந்த புள்ளை. அவிய இல்லைன்னா ரெண்டு பேரும் இல்லை. அவிய பேரைத்தான் புள்ளைக்கு வெச்சேன். இந்தத் தெருவுல மட்டும் அந்தப் பேருல மூணு பொண்ணுங்க இருக்கறாங்க. எதுக்குன்னு நினைச்சீங்க?"

அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. நர்ஸம்மாவின் சொந்தக்காரர்கள் எங்கேயாவது இருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் பத்திரிகையில் போடுவது முறையல்ல. ஆனால் படத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். டவாலி போட்டவர் யார் என்று இன்னும் தெரியவில்லை. அவருக்கும் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன். அவர் தெருவில் யாரை விசாரிக்கலாம் என்று பெரியத்தை ஒரு ஜாபிதா சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை போகும்போது அதுதான் வேலை.

உங்கள் வீட்டிலும் செய்யலாமே!

நகரசபை, பஞ்சாயத்து, ஜில்லா போர்டு என்று ஏதாவது ஒரு குரூப் போட்டோ பல வீட்டுப் பரணிலும் இருக்கும். இல்லாவிட்டால் பள்ளிக்கூட குரூப் போட்டோவாவது இருக்கும். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் படம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். முந்தானை, சட்டைப் பை, கைக்கடிகாரம், போர்டு எழுத்து, இதில் இரண்டு மூன்றாவது பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் செல்போனிலேயே திருப்பிக் காட்டிவிடுவார்கள்.

'இடமிருந்து வலம்' என்றால் பார்க்கிற நமக்கு இடம். உட்கார்ந்திருப்பவருக்கு இடம் என்று சிலர் தப்பாக எழுதிவிடுவதும் உண்டு. நிச்சயமாகத் தெரிந்த இரண்டு பேரை, நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருப்பவர்களாகப் பார்த்து, சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களிடம் காட்டும்போது, "இவர் இன்னார்தானே?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு 'ஆமாம்' என்றுவிடுவார்கள். "இது யாரு?" என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாமல் தனித்தனியாகக் கேளுங்கள். வெளிச்சமான காலை நேரத்தில், பெரிய பிரதியாகக் காட்டினால் நல்லது. முகம் பிடிபடாவிட்டால் கை, செருப்பு, நிற்கிற தோரணை என்று அவர்களுக்கு ஏதாவது ஒன்று ஞாபகம் வரும்.

எழுதுவதைப் படத்தின் பின்னால் ஓரத்தில், மெதுவான பென்சிலால் லேசாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தழும்பு விழும், மையும் ஊறும். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள், பழுப்பேறிப் படத்தைத் தின்றுவிடும். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்பதையும் எழுதுங்கள். நிச்சயமில்லாத பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். தப்புப் பெயரை விட வெறும் கேள்விக்குறி எவ்வளவோ மேல். இதற்கு நாங்கள் கண்ட மாலை போட்ட படமே சாட்சி.

எல்லாவற்றையும் விட முக்கியம், வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். சோறு போட்ட கையும் பிள்ளை பெற்ற வீடும் ஞாபகம் வைத்திருப்பதை எந்தப் பட்டியலும் வைத்திருக்காது. கேட்காமல் விட்டதால்தான் ஒரு குடும்பம் பதினைந்து வருஷம் வேறு ஒருவரைக் கும்பிட்டது.

ஊருக்குத் திரும்பும் அன்று பெரியத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தகரப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "மீதிப் படங்களையும் எடுத்துட்டுப் போ கண்ணு. ஆனா சீக்கிரம் கொண்டாந்து காட்டோணும். எனக்கு எண்பத்தாறு ஆச்சு" என்றார்.

சித்திரை லீவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம்.